கர்த்தரா, ஆண்டவரா, யேகோவாவா? எபிரேய வேதத்தில் கடவுளின் பெயரைத் தேடிப் படிக்க ஒரு வழிகாட்டி

கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்றும் யூதர்கள் தனாக் என்றும் சொல்லும் எபிரேய வேதத்தில் கடவுளுக்கு ஒரு சொந்தப் பெயர் உண்டு. ‘கடவுள்’, ‘தேவன்’ போன்ற பொதுச்சொல் இல்லை அது. மோசே, தாவீது என்பதுபோல ஒருவரை மட்டும் குறிக்கிற பெயர். 6,800 தடவைக்கு மேல் வருகிறது. ஆனாலும் தமிழ் வேதாகமத்தைப் பல வருடம் படித்தவர்களிடம் கேட்டால்கூட, அந்தப் பெயரை எங்கோ நாலைந்து இடத்தில் பார்த்ததாகத்தான் சொல்வார்கள். அவர்கள்மேல் குறையில்லை. அச்சில் அந்தப் பெயர் வேறொரு சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது.

அதைக் கண்டுபிடித்து, அதன் பொருளைக் கதையின் போக்கிலேயே பிடித்துக்கொள்ள விரும்பும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். எபிரேயம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நம்பிக்கையோடு படிப்பவருக்கும், பழங்கால இலக்கியமாகப் படிப்பவருக்கும் வழி ஒன்றுதான். ஒரு தமிழ் வேதாகமம், ஒரு பென்சில், ஒரு நோட்டு போதும். வேறு மொழிபெயர்ப்பில் இன்னொரு பிரதி கிடைத்தால் நல்லது. வேதாகமத்தில் கோடு போட மனசு வராதவர்கள் யாத்திராகமத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். ‘சரியான உச்சரிப்பு எது’ என்ற சண்டையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இணையத்தில் இந்தப் பெயரைத் தேடினால் முதலில் வந்து விழுவது அந்தச் சண்டைதான். அதில் இறங்கியவர்கள் பெரும்பாலும் யாத்திராகமத்தைத் திறப்பதே இல்லை.

படி 1: கையில் இருப்பது எந்த மொழிபெயர்ப்பு என்று பாருங்கள்

இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். சங்கீதம் 110-ஐத் திறந்து முதல் வசனத்தைப் படியுங்கள்.

‘கர்த்தர் என் ஆண்டவரை நோக்கி’ என்று இருந்தால், உங்கள் கையில் இருப்பது சீர்திருத்த சபைகளில் வழங்கும் பழைய திருப்புதல். ஹென்றி பவர் என்ற மிஷனரியின் தலைமையிலான குழு திருத்தி 1871-இல் வெளியான மொழிபெயர்ப்பு வழியில் வருவது. இதில் ‘கர்த்தர்’ என்று வரும் இடமெல்லாம் பெரும்பாலும் அந்தச் சொந்தப் பெயர். ‘ஆண்டவர்’ என்பது எபிரேயத்தில் பெரும்பாலும் ‘அதோனாய்’, அதாவது எஜமான். ‘தேவன்’ என்பது ‘எலோஹிம்’ என்ற பொதுச்சொல்.

‘ஆண்டவர் என் தலைவரிடம்’ என்று இருந்தால் அது 1995-இல் வெளிவந்த திருவிவிலியம். இதில் சொந்தப் பெயர் இருக்கும் இடத்தில் ‘ஆண்டவர்’ நிற்கிறது. ‘கடவுள்’ என்பது எலோஹிம். நூல்களின் பெயர்களும் மாறும்: யாத்திராகமம் இங்கே விடுதலைப் பயணம், சங்கீதம் திருப்பாடல்கள்.

சிக்கல் தெரிகிறதா? ‘ஆண்டவர்’ என்ற ஒரே சொல் ஒரு வேதாகமத்தில் சொந்தப் பெயருக்குப் பதிலாக நிற்கிறது, இன்னொன்றில் ‘அதோனாய்’ என்பதற்கு. இரண்டு பிரதிகளை ஒப்பிடும்போது குழப்பம் பிறக்கும் இடம் இதுதான். ஆங்கில வேதாகமங்களில் பெரிய எழுத்துகளைப் பயன்படுத்தி இந்த வித்தியாசத்தைக் காட்டுவார்கள். தமிழில் பெரிய எழுத்து கிடையாது. சொல்லைத்தான் கவனிக்க வேண்டும்.

யெகோவாவின் சாட்சிகள் பயன்படுத்தும் மொழிபெயர்ப்பில் நேரடியாக ‘யெகோவா’ என்றே இருக்கும். அதை வைத்திருப்பவருக்கு இந்தப் படி தேவையில்லை. பழைய திருப்புதலிலும் சில இடங்களில் திரை விலகும்: யாத்திராகமம் 6:3, சங்கீதம் 83:18, ஏசாயா 12:2. ‘யேகோவாயீரே’, ‘யேகோவாநிசி’ என்று பாட்டிலும் பிரசங்கத்திலும் கேட்டிருப்பீர்களே, அவையும் அந்தப் பெயர்தான்.

நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் பிரதிக்கான சமன்பாட்டை எழுதி வையுங்கள். ‘கர்த்தர் = பெயர், தேவன் = எலோஹிம், ஆண்டவர் = அதோனாய்’ என்பதுபோல. இனி இந்தக் கட்டுரையில் பழைய திருப்புதலின் சொற்களையே பயன்படுத்துகிறேன்.

படி 2: நான்கு எழுத்துகள்

பெயரில் நான்கு எபிரேய எழுத்துகள்: யோத், ஹே, வாவ், ஹே. வலமிருந்து இடமாக எழுதுவார்கள். சங்கீதம் 119-இன் தலைப்புகளில் எபிரேய எழுத்துகளின் பெயர்கள் வரிசையாக வரும். ஒலிப்பு சற்று மாறினாலும் இவற்றை அங்கே கண்டுபிடித்துவிடலாம்.

இவை மெய்யெழுத்துகள். பழைய எபிரேயத்தில் உயிரொலிகளை எழுதுவதில்லை. தமிழில் ‘ப்ல்’ என்று மட்டும் எழுதிக் காட்டினால் அது பல்லா, பாலா, புல்லா என்று சூழலை வைத்துத்தான் சொல்ல முடியும், இல்லையா? எபிரேயம் பேசியவர்களுக்கு அந்தச் சூழலும் பழக்கமும் இருந்தன. பெயரை வாயால் சொல்வதை நிறுத்திய பிறகு, எந்த உயிரொலி எங்கே வரும் என்ற நினைவு மங்கியது. உச்சரிப்புச் சண்டையின் வேர் இவ்வளவுதான்.

படி 3: யாத்திராகமத்தை இந்த வரிசையில் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். அதிகாரங்கள் 3, 5, 6, பிறகு 32 முதல் 34 வரை. ஒரே அமர்வில் முடியாவிட்டாலும் வரிசையை மாற்றாதீர்கள்.

மூன்றாம் அதிகாரத்தில் மோசே ஆடு மேய்த்துக்கொண்டிருக்கிறார். எரியும் முட்செடியிலிருந்து கூப்பிடும் குரல், எகிப்துக்குப் போய் அடிமைகளை வெளியே கொண்டுவரச் சொல்கிறது. மோசே ‘நான் எம்மாத்திரம்’ என்கிறார். 12-ஆம் வசனத்தில் வரும் பதிலுக்குக் கீழே கோடு போடுங்கள்: ‘நான் உன்னோடே இருப்பேன்.’

மோசே விடவில்லை. அவருடைய நாமம் என்ன என்று ஜனங்கள் கேட்டால் என்ன சொல்வது என்கிறார். 14-ஆம் வசனத்தில் அந்தப் புகழ்பெற்ற பதில்: ‘இருக்கிறவராக இருக்கிறேன்.’ எபிரேயத்தில் ‘எஹியே அஷேர் எஹியே’. இப்போது 12-க்குத் திரும்பிப் பாருங்கள். அங்கே ‘இருப்பேன்’ என்று தமிழில் இருப்பதும் எபிரேயத்தில் அதே ‘எஹியே’ தான். தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு வேறு வழியில்லை; ஏதாவது ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். எபிரேய வினை அப்படி நிகழ்காலம், எதிர்காலம் என்று கறாராகப் பிரியாது. ‘சூரியன் கிழக்கே உதிக்கும்’ என்கிற நம்முடைய ‘உதிக்கும்’ போல, இன்றும் நாளையும் எப்போதும் என்று மூன்றையும் தொடும்.

இரண்டு வசனங்களையும் சேர்த்துப் படித்தால் பதிலின் நிறம் மாறுகிறது. 14-ஐத் தனியாக எடுத்தால், எல்லாவற்றுக்கும் மூலமான நித்திய இருப்பு என்ற தத்துவம்போல ஒலிக்கும். கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் ‘இருக்கிறவர் நானே’ என்றுதான் எழுதினார்கள். தத்துவத்தில் ஊறிய மரபுகளுக்கு அது பிடித்துப்போயிற்று. ஆனால் செங்கல் சூளையில் வேகும் அடிமைகளுக்கு அனுப்பிய செய்தி இது. ‘உன்னோடே இருப்பேன்’ என்ற வாக்குக்குப் பக்கத்தில் வைத்தே இதைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. 11-ஆம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் ராஷியும் பழைய ரபீக்களைப் பின்பற்றி இதே பக்கம்தான் நிற்கிறார்: இந்தத் துன்பத்திலும் அவர்களோடு இருப்பேன், இனி வரும் அடிமைத்தனங்களிலும் இருப்பேன் என்று விரிக்கிறார்.

15-ஆம் வசனத்தில் ‘எஹியே’ (இருப்பேன்) என்ற தன்மை வடிவம் நகர்ந்து, நான்கு எழுத்துப் பெயர் வருகிறது. ‘இரு’ என்னும் அதே வினையின் படர்க்கை வடிவமாக அதைப் பலர் விளக்குகிறார்கள்: ‘இருக்கிறார்’, ‘இருப்பார்’. ‘இருக்கச் செய்கிறவர்’ என்று பிறவினையாகக் கொள்ளும் அறிஞர்களும் உண்டு. (வடமொழியில் ‘கர்த்தா’ என்றால் செய்பவர் என்பதை வைத்து இரண்டையும் முடிச்சுப் போட ஆசை வரும். தற்செயல். விட்டுவிடுங்கள்.)

ஐந்தாம் அதிகாரத்தில் பார்வோன் கேட்கும் கேள்வியைத் தவறவிடாதீர்கள். அவர் யார், ‘நான் கர்த்தரை அறியேன்’ என்கிறான். அடுத்த பத்து அதிகாரங்களும் இந்த ஒரு வாக்கியத்துக்கான பதில். வாதைகளின் நடுவே ‘நானே கர்த்தர் என்று அறிவாய்’, ‘அறிவார்கள்’ என்று திரும்பத் திரும்ப வருவதைப் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள்.

இதற்கிடையே நிலைமை மோசமாகிறது. வைக்கோல் நிறுத்தப்படுகிறது, அடி விழுகிறது, மோசே கடவுளிடமே சண்டைக்குப் போகிறார். அதற்குப் பதிலாக வருவதுதான் ஆறாம் அதிகாரம். 2 முதல் 8 வரை படித்து ‘நானே கர்த்தர்’ எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். அந்த வாக்கியங்களுக்கு நடுவில் வினைகள்: விடுவிப்பேன், மீட்பேன், சேர்த்துக்கொள்வேன், கொண்டுபோவேன், கொடுப்பேன். பெயருக்கு இங்கே கிடைக்கும் விளக்கமெல்லாம் வினைகளாகவே இருக்கின்றன. யூதர்கள் பஸ்காப் பண்டிகை விருந்தில் நான்கு கிண்ணம் திராட்சரசம் குடிப்பதை இந்தப் பகுதியின் நான்கு வாக்குறுதிகளோடு சேர்த்துச் சொல்வது வழக்கம்.

பிறகு 32-க்குத் தாவுங்கள். விடுதலையான ஜனம் பொன் கன்றுக்குட்டியைச் செய்து கும்பிடுகிறது. உடன்படிக்கைப் பலகைகள் உடைகின்றன. 33-இல் மோசே ‘உம்முடைய மகிமையைக் காண்பித்தருளும்’ என்று கேட்கிறார். முகத்தைக் காண முடியாது, என் நாமத்தைக் கூறுவேன் என்று பதில் வருகிறது. 34:6-இல் அது நடக்கிறது: ‘கர்த்தர், கர்த்தர், இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்.’

கடவுள் தம் பெயரைத் தாமே விரித்துரைக்கும் இடம் இது. ஜனம் நல்லபடியாக நடந்துகொண்ட நாளில் இது சொல்லப்படவில்லை; எல்லாம் கெட்டுப்போன பிறகு, இரண்டாம் பலகைகளை வெட்டிக் கொண்டுவந்த காலையில் சொல்லப்படுகிறது. ஏழாம் வசனத்தையும் தாண்டிப் போய்விடாதீர்கள். குற்றவாளியைக் குற்றமற்றவனாக விடாத, பிதாக்களின் அக்கிரமத்தை மூன்று நான்கு தலைமுறை வரை விசாரிக்கிற கடுமையும் அதே மூச்சில் வருகிறது. சுவாரசியம் என்னவென்றால், யூதர்கள் பண்டிகைகளிலும் மன்னிப்பு வேண்டும் ஜெபங்களிலும் இந்த வசனங்களைப் ‘பதின்மூன்று பண்புகள்’ என்று ஓதும்போது ஏழாம் வசனத்தின் நடுவிலேயே நிறுத்திவிடுவார்கள். ‘குற்றமற்றவனாக விடுகிறவர்’ என்பது வரை ஓதி, அதை மறுக்கும் அடுத்த சொல்லுக்குப் போவதில்லை. மன்றாடுகிறவருக்கு அவ்வளவு உரிமை உண்டு என்று மரபு நினைத்திருக்கிறது.

கையோடு யோனா 4:2-ஐயும் படித்துவிடுங்கள். அந்தத் தீர்க்கதரிசி இதே பட்டியலைக் கடவுளிடமே குற்றச்சாட்டாகத் திருப்பிச் சொல்கிறார். நீர் இரக்கமுள்ளவர் என்று தெரியும், அதனால்தான் ஓடினேன் என்கிறார். எபிரேய வேதத்தில் எனக்குச் சிரிப்பு வரும் இடங்களில் இது ஒன்று.

படி 4: ஆதியாகமத்துக்குப் போய் ஒரு முரணைச் சந்தியுங்கள்

யாத்திராகமம் 6:3-இல், ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோருக்குச் சர்வவல்லமையுள்ள தேவனாகத் தரிசனமானேன், யேகோவா என்னும் நாமத்தினால் அறியப்படவில்லை என்று இருக்கிறது. ஆனால் ஆதியாகமம் 4:26-இல் ஏனோசின் காலத்திலேயே மனுஷர் கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ள ஆரம்பித்தார்கள். 15:7-இல் ஆபிரகாமிடம் ‘கர்த்தர் நானே’ என்று சொல்லப்படுகிறது. இன்னொன்று: யாத்திராகமம் 6-ஆம் அதிகாரத்திலேயே, 20-ஆம் வசனத்தில், மோசேயின் தாய் பெயர் யோகெபேத். அதன் முதல் அசையில் இந்தப் பெயரின் சுருக்கம் இருப்பதாகவே பொதுவாக விளக்குகிறார்கள்.

இதற்கு இரண்டு வகையான விடைகள் உண்டு. ராஷியின் விடை: ‘அறிவிக்கவில்லை’ என்று வசனம் சொல்லவில்லை, ‘அறியப்படவில்லை’ என்கிறது. முன்னோர்களுக்குப் பெயர் தெரியும். வாக்கை நிறைவேற்றுகிறவர் என்ற அந்தப் பெயரின் பலனை அவர்கள் கண்ணால் காணவில்லை. வரலாற்று ஆய்வாளர்களின் விடை வேறு. 1753-இல் பிரான்சு நாட்டு மருத்துவர் ஜான் அஸ்ட்ரக், ஆதியாகமத்தில் சில பகுதிகள் எலோஹிம் என்றும் சில பகுதிகள் இந்தப் பெயரைக் கொண்டும் கடவுளைக் குறிப்பதைக் கவனித்து, வெவ்வேறு மூல ஏடுகள் ஒன்றாகப் பின்னப்பட்டிருக்கின்றன என்று எழுதினார். அடுத்த நூற்றாண்டில் ஜெர்மன் அறிஞர் வெல்ஹாசன் போன்றவர்கள் அதைப் பெரிய கோட்பாடாக வளர்த்தார்கள். இன்றைய ஆய்வில் அந்தக் கோட்பாடு நிறைய மாறிவிட்டது. ஆனால் அஸ்ட்ரக் கண்ட வித்தியாசத்தை நீங்களே சோதிக்கலாம்: ஆதியாகமம் முதல் அதிகாரம் முழுக்க ‘தேவன்’, 2:4-இலிருந்து ‘தேவனாகிய கர்த்தர்’.

எந்த விடை உங்களுக்குச் சரி என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். இரண்டையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

படி 5: ஒரு பென்சில் பயிற்சி

சங்கீதம் 14-ஐயும் 53-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஏறக்குறைய ஒரே பாட்டு. 14:2-இல் பரலோகத்திலிருந்து கண்ணோக்குகிறவர் ‘கர்த்தர்’, 53:2-இல் ‘தேவன்’. சங்கீதம் 42 முதல் 83 வரையுள்ள தொகுதியில் எலோஹிம் என்ற சொல்லே மிகுதி. தொகுத்தவர் பெயர் வந்த இடங்களில் பொதுச்சொல்லைப் போட்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பெயர் வராத இடங்களையும் கவனியுங்கள். பிரசங்கி நூலில் ஒருமுறைகூட இல்லை, எஸ்தரிலும் இல்லை. யோபு நூலின் முன்கதையிலும் முடிவிலும் பெயர் உண்டு. நடுவே யோபுவும் நண்பர்களும் வாதாடும் நீண்ட பகுதியில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. 38-இல் பெருங்காற்றிலிருந்து பேசத் தொடங்குகிறவர் ‘கர்த்தர்’.

படி 6: பெயர் எப்போது வாயை விட்டுப் போனது

ஆதியிலிருந்தே யாரும் இந்தப் பெயரைச் சொல்லத் துணியவில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தவறு. ரூத் 2:4-ஐப் பாருங்கள். போவாஸ் வயலுக்கு வந்து அறுக்கிற கூலியாட்களிடம் ‘கர்த்தர் உங்களோடே இருப்பாராக’ என்கிறார். அவர்கள் ‘கர்த்தர் உம்மை ஆசீர்வதிப்பாராக’ என்கிறார்கள். வயல்வெளியில், கூலியாட்கள் வாயில், வணக்கம் சொல்லப் பயன்பட்ட பெயர் இது.

மண்ணிலிருந்தும் சாட்சி கிடைத்திருக்கிறது. இன்றைய ஜோர்தானில் தீபோன் என்ற பழைய ஊர் இருந்த இடத்தில் 1868-இல் கண்டெடுக்கப்பட்ட மோவாபிய அரசன் மேசாவின் கல்வெட்டு, கி.மு. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இன்று பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நேபோ என்ற ஊரைப் பிடித்து அங்கிருந்த இந்தத் தெய்வத்தின் பொருள்களைத் தன் தெய்வமான கேமோஷுக்கு முன் இழுத்து வந்தேன் என்று மேசா பெருமை பேசுகிறான். நான்கு எழுத்துகளும் அதில் தெளிவாக இருக்கின்றன. யூதாவின் பழைய நகரமான லாகீசில் 1930-களில் கிடைத்த ஓட்டுச் சில்லுகள், பாபிலோனியப் படையெடுப்புக் காலத்து ராணுவக் கடிதங்கள். அதிகாரிக்கு எழுதும் முதல் வரியிலேயே இந்தப் பெயரால் நலம் வேண்டுகிறார்கள். எருசலேமில் கெத்தேப் இன்னோம் கல்லறையில் 1979-இல் கிடைத்த இரண்டு சின்ன வெள்ளிச் சுருள்களில் எண்ணாகமம் 6-இன் ஆசீர்வாதம் பொறிக்கப்பட்டிருக்கிறது.

சீனாய் பாலைவனத்தில் குந்தில்லெத் அஜ்ரூத் என்ற இடத்தில் கிடைத்த, கி.மு. 800-ஐ ஒட்டிய ஜாடி எழுத்துகள் கொஞ்சம் சங்கடமானவை. ‘சமாரியாவின்’, ‘தேமானின்’ என்று ஊர்ப் பெயரோடு இந்தப் பெயரைச் சொல்லி, ‘அவருடைய அஷேராவாலும்’ ஆசீர்வதிக்கிறார்கள். அஷேரா ஒரு பெண் தெய்வமா, வழிபாட்டுச் சின்னமா என்று இன்னும் வாதம் நடக்கிறது. தீர்க்கதரிசிகள் எதைக் கண்டித்துக் கத்தினார்கள் என்று புரிந்துகொள்ள இந்த ஜாடிகள் உதவும்.

பாபிலோனிய சிறையிருப்புக்குப் பிந்தைய நூற்றாண்டுகளில் பேச்சில் தயக்கம் கூடியது. பத்துக் கட்டளைகளில் ‘நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக’ என்பது அதற்கு ஒரு காரணம். முதலில் பொய்ச் சத்தியத்தைத் தடுத்த கட்டளையாகவே அதைப் பலர் பார்க்கிறார்கள். பிறகு வேலி மேல் வேலியாக வளர்ந்தது. சாக்கடலோரம் கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஆபகூக் தீர்க்கதரிசியின் நூலுக்கான உரையை எழுதியவர் மற்றச் சொற்களையெல்லாம் தன் காலத்து எழுத்தில் எழுதி, பெயரை மட்டும் வழக்கொழிந்த பழைய எழுத்தில் எழுதுகிறார். வேறு சுருளில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு புள்ளிகள். பழைய கிரேக்க மொழிபெயர்ப்புப் பிரதிகள் சிலவற்றிலும் கிரேக்க வரிகளுக்கு நடுவே எபிரேய எழுத்தில் பெயர் நிற்கிறது. பின்னாளில் அங்கே ‘கூரியோஸ்’ (எஜமான்) என்பது நிலைத்தது. அந்த வழியாகத்தான் கடைசியில் தமிழுக்குக் ‘கர்த்தர்’ வந்தது. புதிய ஏற்பாட்டில் இயேசுவைக் ‘கர்த்தர்’ என்னும்போது கிரேக்கத்தில் இருப்பதும் கூரியோஸ்தான். யோவேல் 2:32-ஐ ரோமர் 10:13-ஓடு ஒப்பிட்டால் இந்தச் சொல் எவ்வளவு பாரத்தைச் சுமக்கிறது என்று தெரியும்.

எருசலேம் ஆலயம் இருந்தவரை பெயர் முற்றிலும் மௌனமாகவில்லை. பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் யோமா பகுதி சொல்கிறபடி, பாவநிவாரண நாளில் பிரதான ஆசாரியர் வாயிலிருந்து பெயர் வெளிவரும்போது பிராகாரத்தில் நின்றவர்கள் முகங்குப்புற விழுந்து, ‘அவருடைய ராஜ்யத்தின் மகிமையான நாமம் என்றென்றைக்கும் ஸ்தோத்திரிக்கப்படுவதாக’ என்பார்கள். கி.பி. 70-இல் ரோமர்கள் ஆலயத்தை அழித்தார்கள். அதன்பின் பெயரைச் சொல்ல இடமும் இல்லை, நாளும் இல்லை.

படி 7: இப்போது உச்சரிப்புக்கு வரலாம்

சுமார் 6 முதல் 10-ஆம் நூற்றாண்டு வரை இயங்கிய மசோரெத்துகள் என்ற யூத அறிஞர்கள், வேதத்தின் மெய்யெழுத்துகளுக்கு உயிர்க்குறிகள் இட்டார்கள். இந்தப் பெயர் வந்தபோது அதன் சொந்த ஒலியைக் குறிக்கவில்லை. வாசிப்பவர் ‘அதோனாய்’ என்று படிக்க வேண்டும் என்று நினைவூட்ட, அந்தச் சொல்லின் குறிகளை நான்கு எழுத்துகள்மேல் வைத்தார்கள் என்பது பொதுவான விளக்கம். இந்த ஏற்பாடு அறியாத ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் இரண்டையும் கலந்து படித்தார்கள். பிறந்தது ‘யெகோவா’. 1530-இல் டின்டேலின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அது இடம்பெற்றது.

அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்கும் வடிவம் ‘யாவே’ (யாஹ்வே). சபைப் பிதாக்களில் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து, பிறகு 5-ஆம் நூற்றாண்டின் தியோதரேத் ஆகியோர் கிரேக்க எழுத்தில் தந்த வடிவங்கள் அதற்குச் சான்று. சமாரியர்கள் ‘யாபே’ என்று சொல்வதாகத் தியோதரேத் எழுதியிருக்கிறார். ‘அல்லேலூயா’வின் கடைசியில் உள்ள ‘யா’ முதல் அசையைக் காட்டிக்கொடுக்கிறது.

அந்த ‘யா’வும் ‘யோ’வும் நம் ஊர் ஆட்களின் பெயர்களிலேயே ஒளிந்திருக்கின்றன. எலியா: என் தேவன் யா. ஏசாயா: அவர் இரட்சிக்கிறார். சகரியா: அவர் நினைவுகூர்ந்தார். நெகேமியா: அவர் ஆறுதல்படுத்துகிறார். யோனத்தான்: அவர் கொடுத்தார். யோவான்: அவர் கிருபையுள்ளவர், ஆக, தெருவுக்கு ஒரு ஜானாவது இந்தப் பெயரைச் சுமந்துகொண்டு நடக்கிறார். எண்ணாகமம் 13:16-இல் மோசே ஓசேயா என்பவனுக்கு யோசுவா என்று பெயர் மாற்றுகிறார். முன்னால் சேர்ந்தது இந்த அசைதான். இயேசு என்பது அந்த யோசுவாவின் பிற்கால வடிவத்திலிருந்து வந்தது.

‘யெகோவா’ என்பது கலப்பு வடிவம் என்பதால் அதைச் சொல்லி ஜெபித்த தலைமுறைகளைப் பரிகசிக்கத் தேவையில்லை. ‘எரேமியா’வையும் எபிரேயர் உச்சரித்தபடி நாம் உச்சரிப்பதில்லை. அதேசமயம், சரியான உச்சரிப்பு கிடைத்தால்தான் ஜெபம் கேட்கப்படும் என்று யாராவது சொன்னால், வேதத்தில் அப்படி ஒரு வசனத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

படி 8: பழகும்போது கவனிக்க

யூத நண்பர்களோடு பேசும்போது ‘யாவே’, ‘யெகோவா’ இரண்டையும் தவிர்ப்பது மரியாதை. அவர்கள் ஜெபத்திலும் வேத வாசிப்பிலும் ‘அதோனாய்’ என்பார்கள்; சாதாரணப் பேச்சில் ‘ஹஷேம்’, அதாவது ‘அந்தப் பெயர்’. பெயர் எழுதப்பட்ட தாளைக் குப்பையில் போடமாட்டார்கள். ஜெப ஆலயத்தில் கெனிசா என்ற சேமிப்பறையில் வைத்துப் பிறகு புதைப்பார்கள். கெய்ரோவில் அப்படிப் புதைக்காமல் குவிந்த கெனிசாவிலிருந்துதான் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லட்சக்கணக்கான பழஞ்சுவடித் துண்டுகள் வெளியே வந்தன.

கத்தோலிக்க வழிபாட்டுக்குப் பாட்டோ ஜெபமோ எழுதுகிறவர்கள் கவனிக்க: வழிபாட்டில் ‘யாவே’ என்று உச்சரிக்க வேண்டாம் என்று வத்திக்கான் 2008-இல் ஆயர்களுக்கு அறிவுறுத்தியது. வீட்டில், வகுப்பில் ஆய்வுக்காகச் சொல்வதை அது குறிக்கவில்லை.

இவ்வளவும் செய்து முடித்தவர்கள் அடுத்து எசேக்கியேல் 36-ஐ எடுங்கள். ஜனத்தின் நடத்தையால் தம் நாமம் புறஜாதிகள் நடுவே கெட்டுப்போனது என்று கர்த்தர் வருந்துகிறார். பிறகு 1 இராஜாக்கள் 8: வானமும் கொள்ளாதவருக்கு ஒரு கட்டடம் எதற்கு என்று சாலொமோனே கேட்டுவிட்டு, அவருடைய நாமம் அங்கே விளங்கும் என்று சமாதானம் கண்டுபிடிக்கிறார். கடைசியாக ஓசியா 1:9. ‘நீங்கள் என் ஜனமல்ல’ என்பதற்குப் பிறகு வரும் வாக்கியத்தைத் தமிழில் ‘நான் உங்கள் தேவனாயிருப்பதில்லை’ என்று படிப்பீர்கள். எபிரேயத்தில் அங்கே இருக்கும் வினை, முட்செடியில் மோசே கேட்ட அதே ‘எஹியே’. முன்னால் ஒரு ‘இல்லை’ மட்டும் சேர்ந்திருக்கிறது. அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள், அங்கேயே நிறுத்திவிடாதீர்கள்.